வெளிச்சமும் தலைசுற்றலும் சேர்ந்து வரும் மைக்ரேன்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோவைநிலா:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 34. காலேஜ் படிக்கும்போதிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. வரும், வாந்தி எடுத்துவிட்டு ஒருநாள் படுத்தால் போய்விடும், அதோடு பழகிவிட்டேன். போன வருஷத்திலிருந்து நிலைமை வேறு மாதிரி ஆகிவிட்டது. தலைவலி இல்லாத நாளிலும் வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்க முடியவில்லை, கூடவே தரை லேசாக ஆடுகிற மாதிரி ஒரு தலைசுற்றல். அலுவலகத்தில் என் இருக்கைக்கு நேர் மேலே பெரிய எல்இடி பேனல் இருக்கிறது, அதன் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் போவதே இல்லை.

ஒரு டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார், இன்னொருவர் லோ பிபி என்றார், எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தோம், எல்லாம் நார்மல். இப்போது வீட்டில் திரையெல்லாம் இழுத்துவிட்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறேன். மாமியார் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பையன் “அம்மா ஏன் வீட்டுக்குள்ளே கறுப்புக் கண்ணாடி” என்று கேட்கிறான். இதே கஷ்டம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

ராஜி திருச்சி:

அடடா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது கண்ணு. எனக்கும் முப்பது வயதில் ஆரம்பித்தது, இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். விவரமாக அப்புறம் எழுதுகிறேன், அடுப்பில் வேலை இருக்கிறது. ஒன்று மட்டும் முதலில் சொல், காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாயா?

வைகைக்கரை:

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் வெஸ்டிபுலர் மைக்ரேன், அதாவது தலைசுற்றலோடு வரும் மைக்ரேன், என்ற ஒன்றைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. நான் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியர், ஆனால் இந்த நோயோடு நிறைய வருஷம் வாழ்ந்தவன்.

மைக்ரேன் என்றால் தலைவலி என்றே நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது மூளை வெளிச்சம், சத்தம், வாசனை, அசைவு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் விதத்தில் வரும் கோளாறு, தலைவலி அதில் ஒரு பகுதி. சமநிலையைக் கவனிக்கும் பகுதியும் அதில் மாட்டிக்கொண்டால் தலைசுற்றல் வரும், சில முறை தலைவலி துளியும் இல்லாமலே வரும். இதற்கான வரையறையை 2012இல் தலைசுற்றல் நோய்களை ஆராயும் சர்வதேச அமைப்பான பாரானி சொசைட்டியும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து வெளியிட்டன. மைக்ரேன் உள்ளவருக்கு, 5 நிமிஷத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும் தலைசுற்றல் குறைந்தது 5 தடவையாவது வந்திருக்க வேண்டும், அதில் பாதித் தடவையாவது தலைவலியோ வெளிச்சமும் சத்தமும் தாங்காமையோ கண்ணில் மின்னுவதோ கூட இருக்க வேண்டும், வேறு காரணமும் இருக்கக் கூடாது. இதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. அதனால்தான் உங்கள் எம்ஆர்ஐ நார்மல். நார்மல் என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, பயப்படும்படியான வேறொன்று இல்லை என்று மட்டுமே அர்த்தம். கழுத்து வலியும் மைக்ரேனோடு சேர்ந்தே வரும், அதனால் எத்தனையோ பேர் காலர் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் போடுவதை நிறுத்தும் வழியைப் பாருங்கள். இருட்டில் இருக்க இருக்கக் கண் அந்த இருட்டுக்கு ஏற்பத் தன்னைக் கூர்மையாக்கிக்கொள்ளும். அப்புறம் சாதாரண வெளிச்சம் கூடத் தாங்காது, அதற்காக இன்னும் கறுப்பான கண்ணாடி, இன்னும் கனமான திரை, இப்படியே போய்க்கொண்டிருக்கும். வெயிலில் போகும்போது நன்றாகப் போடுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் வீட்டுக்குள் வந்ததும் கழற்ற வேண்டும். ஒரேயடியாகக் கழற்றச் சொல்லவில்லை. முதலில் சமையலறையில் மட்டும், பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிற மாதிரி, கொஞ்ச நேரம். பிறகு கூடத்தில். திரையை வாரத்துக்கு ஒரு சாண் திறந்தால் போதும்.

நிழல்தேடி:

மன்னிக்கவும், மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. இருட்டு அறை இல்லாவிட்டால் நான் இந்நேரம் பைத்தியமாகியிருப்பேன். வலி வரும்போது ஜன்னல் இடுக்கில் வரும் ஒரு கோடு வெளிச்சம் கூடத் தாங்காது. “பழகிக்கொள்” என்று சொல்வது வலி இல்லாதவர்கள் சொல்லும் பேச்சு. என் ஆபீசில் மேனேஜரும் அதைத்தான் சொல்கிறார்.

வைகைக்கரை:

நண்பரே, வலி வந்துகொண்டிருக்கும்போது இருட்டு அறைதான் சரி, அதை யாரும் பறிக்கக் கூடாது. கதவைச் சாத்துங்கள், ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொள்ளுங்கள், தூங்க முடிந்தால் தூங்குங்கள். நான் சொன்னது இரண்டு தாக்குதலுக்கு இடைப்பட்ட நாட்களைப் பற்றி. அந்த நாட்களும் இருட்டிலேயே போனால் கண்ணும் மூளையும் திரும்பி வர வழியே இல்லாமல் போய்விடும்.

அப்புறம், இது மனப்பிரமை இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமானால் உங்கள் மேனேஜரிடம் சொல்லுங்கள். 2010இல் பாஸ்டனில் ரமி பர்ஸ்டீன் குழுவினர் பார்வை இழந்த மைக்ரேன் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அதில் உருவம் எதுவும் தெரியாத, ஆனால் வெளிச்சம் இருப்பதை மட்டும் உணரக்கூடியவர்களுக்கு வெளிச்சம் பட்டதும் தலைவலி கூடியது. கண்ணையே இழந்தவர்களுக்கும் பார்வை நரம்பு முழுக்கச் சேதமானவர்களுக்கும் கூடவில்லை. அதாவது பார்ப்பதற்கான பாதை வேறு, வலிக்கும் பாதை வேறு. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி உள்ள செல்கள் இருக்கின்றன, பகல் எது இரவு எது என்று உடம்புக்குச் சொல்வதே அவற்றின் முக்கிய வேலை. அங்கிருந்து போகும் நரம்பு இழைகள் மூளையின் தலாமஸ் பகுதியில், தலைவலியைக் கடத்தும் அதே செல்களைப் போய்த் தொடுகின்றன. வெளிச்சம் பட்டால் வலிப்பது உடம்பில் உள்ள கம்பி இணைப்பு, நடிப்பு இல்லை.

நிழல்தேடி:

சரி, தாக்குதலின்போது, இடைப்பட்ட நாளில் என்று பிரித்துச் சொன்னது புரிகிறது. ஆனால் எனக்கு இடைப்பட்ட நாளே மாதத்தில் கொஞ்சம்தான் கிடைக்கிறது.

நெல்லைக்_கண்ணாடியகம்:

வணக்கம். திருநெல்வேலியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், ஆப்டோமெட்ரி படித்தவன். வெளிச்சம் தாங்காமல் வருபவர்களைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன், அதனால் கண்ணாடி விஷயத்தில் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கண்ணாடிக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. வெளிச்சம் தாங்காத எல்லாமே மைக்ரேன் இல்லை. கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கி, வெளிச்சம் தாங்காமல் இருந்தால் அது கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம். ஒரு கண்ணில் கடும் வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி என்று வந்தால் திடீர் கண் அழுத்தமாக இருக்கலாம். இந்த இரண்டாவதை மைக்ரேன் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள், பார்வையே போய்விடும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். கண் வறட்சியும் வெளிச்சத்தைத் தாங்கவிடாது. ஏசி காற்று முகத்துக்கு நேராக அடிக்கும் இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கணினி பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப சகஜம், டாக்டர் எழுதித் தரும் கண்ணீர்ச் சொட்டு மருந்திலேயே பாதிக் கூச்சம் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடையில் “கண் எரிச்சலுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்க” என்று கேட்டு வாங்காதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தால் வேறு வம்பு.

இப்போது நிறம். எஃப்எல்-41 என்று ஒரு சாயம் இருக்கிறது, பார்க்க ரோஜா நிறமும் பழுப்பும் கலந்த மாதிரி இருக்கும். டியூப்லைட் வெளிச்சம் தாங்காதவர்களுக்காக வந்தது. மேலே சார் சொன்ன மெலனாப்சின் 480 நானோமீட்டர் பக்கத்து நீலப்பச்சை வெளிச்சத்துக்குத்தான் அதிகம் கிளர்ச்சியடையும், இந்தச் சாயம் அந்தப் பகுதியைத்தான் அதிகமாகத் தடுக்கிறது. 1991இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மைக்ரேன் உள்ள குழந்தைகளுக்கு இதைப் போட்டுப் பார்த்தபோது மாதத்துக்குச் சராசரியாக 6.2 முறை வந்த தலைவலி 1.6 ஆகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், குழந்தைகளும் கொஞ்சம் பேர்தான், அதனால் இதை அற்புதமாகச் சொல்லி விற்கக் கூடாது. ஆனால் இதன் நல்ல குணம், கூலிங் கிளாஸ் மாதிரி எல்லா வெளிச்சத்தையும் இருட்டடிப்பதில்லை. தொந்தரவு தரும் பகுதியைக் குறைத்து மற்றதை விடுகிறது. வீட்டுக்குள் போட வேண்டியே தீரும் என்பவர்களுக்குக் கறுப்புக்குப் பதில் இதுதான் நான் சொல்லும் வழி.

எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் ஏமாறமாட்டீர்கள். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ், நாங்கள் சிஆர்-39 என்போம், அதைச் சூடான சாயத் தொட்டியில் முக்கி எடுப்போம். எத்தனை நிமிஷம் முக்குகிறோமோ அவ்வளவு அடர்த்தி ஏறும். பாலிகார்பனேட் லென்ஸில் சாயம் சரியாக ஏறாது. ஏற்கெனவே ஆன்ட்டி கிளேர் கோட்டிங் போட்ட லென்ஸிலும் ஏறாது, அதனால் “இருக்கிற கண்ணாடியிலேயே போட்டுத் தாருங்கள்” என்று கேட்டால் முடியாது, புது லென்ஸ்தான். இன்னொன்று, பார்க்க ஒரே மாதிரி ரோஜா நிறமாக இருக்கும் இரண்டு லென்ஸ் வெளிச்சத்தைத் தடுப்பதில் வேறு வேறாக இருக்கலாம். எந்த அலைநீளத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள். நிறம் போட்ட எந்தக் கண்ணாடியையும் ராத்திரி வண்டி ஓட்டும்போது போடாதீர்கள்.

கோவைநிலா:

ரொம்ப நன்றி சார். ஒரு கடையில் “ப்ளூ கட்” என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வைத்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா? வெயிலில் கறுப்பாகும் லென்ஸ் எப்படி? ராஜி அம்மா, காலையில் பெரும்பாலும் காபியோடு ஓடிவிடுவேன்.

நெல்லைக்_கண்ணாடியகம்:

ஒன்று இல்லை. நீங்கள் வாங்கியது கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்குமே, அது நீல வெளிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் தடுக்கும். கணினிக் களைப்புக்கே அதனால் பெரிய பலன் தெரியவில்லை என்று 2023இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. தூக்கிப் போட வேண்டாம், பவர் சரியாக இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். கறுப்பாகும் லென்ஸ் வெளியே நடப்பவர்களுக்கு நல்லது. அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும், காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால் காருக்குள் அவ்வளவாகக் கறுக்காது, கார் ஓட்டுபவர்கள் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பின்னிரவுக்_கோடிங்:

ஐடி வேலை, மைக்ரேன், இரண்டும் எனக்கு உண்டு. எல்லோரும் பிரகாசத்தைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு அதைவிடப் பெரிய எதிரி துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. மலிவான எல்இடி பல்புகளிலும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டில் காசு மிச்சம் பிடித்திருந்தால் இதே கதைதான். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் தலைக்குத் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். இரவில் அந்த ஒரு விளக்கை மட்டும் போட்டுவிட்டு ஒரு பேனாவை விரல்களில் பிடித்து முகத்துக்கு முன் இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டுங்கள். பேனா ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பேனாக்களாக வரிசையாகத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தாலும் பட்டை பட்டையாக ஓடுவது தெரியும். இப்படிச் சோதித்து எங்கள் வீட்டில் ஹால் பல்பையும் பாத்ரூம் பல்பையும் மாற்றினேன். மூன்றாவதாக வாங்கிய ஒரு பல்பு விலை கூடியதுதான், ஆனாலும் துடித்தது, அதனால் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடையிலேயே எரியவிட்டு ஆட்டிப் பாருங்கள்.

செல்போன் திரையிலும் இது உண்டு. ஓஎல்இடி திரைகள் பல, பிரகாசத்தைக் குறைக்க வேகமாக அணைந்து எரிகின்றன. அதனால் பிரைட்னஸை ரொம்பக் குறைத்து வைத்தால் சிலருக்குத் தொந்தரவு கூடுகிறது. அதற்குப் பதில் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, செட்டிங்கில் உள்ள திரை மங்கலாக்கும் வசதியையோ வெதுவெதுப்பான நிறத்தையோ போட்டுப் பாருங்கள். டார்க் மோட் எல்லோருக்கும் ஒத்துவராது. கறுப்பில் வெள்ளை எழுத்து எனக்குக் கண்ணில் கோடுகோடாக நிற்கும், இளம் பழுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் எனக்குச் சரி. அறை வெளிச்சமும் திரை வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போன் பார்ப்பதைவிட மோசமானது வேறு இல்லை. தலைசுற்றல் உள்ளவர்கள் விரலால் விர்ரென்று தள்ளிக்கொண்டே போகாதீர்கள், செட்டிங்கில் அனிமேஷனைக் குறைக்கும் வசதி இருக்கிறது, அதையும் போடுங்கள்.

ராஜி திருச்சி:

வந்துவிட்டேன். நிலா, வெறும் காபியோடு ஓடுவதை முதலில் நிறுத்து. இந்தத் தலைவலிக்குப் பட்டினி ஆகவே ஆகாது. நான் சஷ்டி விரதம் முழுக்க இருந்துகொண்டிருந்தவள், ஒவ்வொரு சஷ்டிக்கும் மறுநாள் வாந்திதான். எங்கள் குருக்களே “பால் பழம் எடுத்துக்கோ அம்மா, முருகன் கோவிக்க மாட்டான்” என்றார். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுவது. உடம்பு இப்படி ஒழுங்காக இருக்கும் வாரத்தில் அதே டியூப்லைட், அதே வெயில், ஒன்றும் செய்வதில்லை. தூக்கம் கெட்ட வாரத்தில் சாமி விளக்கு கூடக் கண்ணைக் குத்துகிறது. மாதவிலக்குக்கு முந்தின நாட்களையும் காலண்டரில் குறித்து வை, அந்த நாட்களில் கல்யாணம் காட்சி ஷாப்பிங் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

மாத்திரை எண்ணிக்கையைப் பார்த்துக்கொள். என் நரம்பியல் டாக்டர் சொன்னது, காபின் எல்லாம் கலந்து வரும் கூட்டு மாத்திரை, மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகை மாத்திரை, இவற்றை மாதத்தில் 10 நாளும் அதற்கு மேலும், சாதா பாராசிட்டமால் மாதிரி என்றால் 15 நாளும் அதற்கு மேலும், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். நிழல்தேடி தம்பி, இடைப்பட்ட நாளே கொஞ்சம்தான் என்று எழுதியிருந்தாயே, நீ எத்தனை போடுகிறாய்?

நிழல்தேடி:

அம்மா, ஏறக்குறைய தினமும். கடையில் கேட்டால் தருகிறார்கள். இப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

ராஜி திருச்சி:

அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன் தம்பி. நீயாகச் சட்டென்று நிறுத்தாதே, நிறுத்தும் முதல் வாரங்களில் வலி கூடும். நரம்பியல் டாக்டரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல். தலைவலி வராமல் தடுக்கும் மாத்திரை தனியாக இருக்கிறது, அதை ஆரம்பித்துக்கொண்டே இதைக் குறைப்பார்கள். நீ வெளிச்சத்தோடு சண்டை போடுவது பாதி குறைந்துவிடும், பார்.

இயன்முறை_செல்வி:

தலைசுற்றல் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன், வெஸ்டிபுலர் பயிற்சி, அதாவது உடம்பின் சமநிலைக்கான பயிற்சி, கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். முதலில் எந்த வகைச் சுற்றல் என்று பிரிக்க வேண்டும். படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுழன்று, ஒரு நிமிஷத்துக்குள் அடங்கினால் அது காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதாக இருக்கலாம், எப்ளி என்ற முறையில் தலையைத் திருப்பிப் படுக்கவைத்தாலே சரியாகும், மாத்திரை தேவையில்லை. காதில் இரைச்சல், அடைப்பு, காது மந்தம் கூட வந்தால் மெனியர்ஸ் என்ற உள்காது நோயா என்று பார்ப்பார்கள். மைக்ரேன் உள்ளவர்களுக்கு முதல் வகையும் சேர்ந்தே வருவது உண்டு, அதனால் ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நிலா மேடம் சொன்ன ஜவுளிக்கடை விஷயம் இருக்கிறதே, அது எங்களுக்கு ரொம்பப் பழக்கமான புகார். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே நூறு ஸ்பாட் லைட், அடுக்கடுக்காகக் கோடுபோட்ட புடவைகள், எஸ்கலேட்டரில் ஏறி இறங்கும் கூட்டம். உள்காது தரும் தகவலை நம்பாமல் மூளை கண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்போது இத்தனை அசைவும் மினுமினுப்பும் சேர்ந்தால் தரை ஆடத்தான் செய்யும். இது மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் நீடித்தால் அதற்கு பிபிபிடி (விடாமல் நீடிக்கும் ஒருவகைத் தலைசுற்றல்) என்று தனிப் பெயரே 2017இல் வரையறுத்திருக்கிறார்கள். நல்ல செய்தி என்னவென்றால் இது பயிற்சியில் குறையும். கை நீளத்தில் ஒரு எழுத்தைச் சுவரில் ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் வலமும் இடமுமாக மெதுவாக ஆட்டுவது ஆரம்பப் பயிற்சி. எழுத்து கலங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். லேசாகச் சுற்றல் வந்து சில நிமிஷத்தில் அடங்க வேண்டும், அன்று முழுக்கப் படுத்துவிடும்படி செய்யக் கூடாது. மைக்ரேன் கட்டுக்கடங்காமல் இருக்கும் வாரத்தில் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள், முதலில் மருந்தால் அது கொஞ்சம் அடங்க வேண்டும். நேரில் ஒருமுறையாவது பார்த்து உங்களுக்கானதை வாங்கிக்கொள்ளுங்கள், யூடியூப் பார்த்து எல்லாவற்றையும் செய்யாதீர்கள்.

கடைக்குப் போவதும் அப்படித்தான். கூட்டமில்லாத நேரத்தில் சின்ன மளிகைக் கடை, அப்புறம் சூப்பர் மார்க்கெட்டின் ஒரு வரிசை மட்டும், அப்புறம் முழுக்கடை. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு போனால் உடம்புக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

குமரன்_டொராண்டோ:

யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும் இந்தத் தலைவலி வருத்தம் எனக்குக் கனடா வந்த பிறகுதான் தொடங்கியது. இங்கே வெயில் குறைவுதானே, உனக்கென்ன கஷ்டம் என்று ஊரில் கேட்பார்கள். ஸ்னோ கொட்டின மறுநாள் வானம் வெளித்தால் வந்து பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த ஸ்னோ தன்மேல் படும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அடிக்கும். ஊர் வெயில் மேலே இருந்து வரும், தொப்பியோ குடையோ போதும். இங்கே அது கீழே இருந்து வரும், தொப்பி உதவாது. பக்கமும் அடைத்த, பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்ட் கண்ணாடிதான் கை கொடுக்கிறது. போலரைஸ்ட் போட்டால் சில போன் திரையும் கார் திரையும் கறுப்பாகத் தெரியும், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கோ. வேலைக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுவேன், வைகைக்கரை அண்ணை சொன்னது சரியான கதை. உள்ளே முன்பக்கம் நீட்டின தொப்பி போட அனுமதி கேட்டு வாங்கினேன், மேலே இருக்கும் விளக்குக்கு அது நல்ல மறைப்பு, கண்ணும் இருட்டுக்குப் பழகாது.

பச்சை விளக்கு பாவித்த ஆரேனும் இருக்கிறீர்களோ?

வைகைக்கரை:

குமரன், பச்சை விளக்கு பற்றிய ஆய்வை 2016இல் வெளியிட்டது நான் மேலே சொன்ன அதே பாஸ்டன் குழுதான். வெள்ளை, நீலம், மஞ்சள் கலந்த செம்மை, சிவப்பு எல்லாம் வலியைக் கூட்டியபோது, 530 நானோமீட்டர் சுற்றிய குறுகிய பச்சை மிகக் குறைவாகவே கூட்டியது, குறைந்த வெளிச்சத்தில் சிலருக்கு வலியே கொஞ்சம் தணிந்தது. ஆனால் கடையில் கிடைக்கும் பச்சை பல்பு எல்லாம் அந்தக் குறுகிய பச்சை இல்லை, பளீரென்று எரிந்தால் பச்சையும் வலிக்கும். நான் வாங்கவில்லை, அந்தப் பணத்துக்கு நல்ல டேபிள் லாம்ப் ஒன்று வாங்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். விளக்கு கண்ணில் படாமல் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது.

காவிரி_மைந்தன்:

தலைசுற்றலுக்கு ஆறு மாதமாக ஒரே மாத்திரையை என் அப்பா போட்டுக்கொண்டிருக்கிறார், வயது 68. சீட்டைக் காட்டிக் கடையிலேயே வாங்கிவிடுகிறோம். இதில் ஏதாவது பிரச்சினை உண்டா? பெயர் சின்னரிசின்.

இயன்முறை_செல்வி:

உண்டு. உடனே மருந்து எழுதிய டாக்டரைப் பாருங்கள். சின்னரிசின், புளூனரிசின், புரோகுளோர்பெரசின் வகைகளை வயதானவர்கள் நீண்ட நாள் போட்டால் கை நடுக்கம், நடை தளர்வு, உடம்பு இறுக்கம் வரலாம், பார்க்கின்சன் நோய் மாதிரியே இருக்கும். தலைசுற்றலை அடக்கும் மாத்திரையை நாள்கணக்கில் தொடர்ந்து போட்டால் மூளை தானாகச் சமநிலையைச் சரிசெய்துகொள்வதும் தள்ளிப்போகும். அப்பாவின் நடையில் மாற்றம் இருக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். அந்த வயதில் புதிதாகத் தலைசுற்றல் வந்தால் மைக்ரேன் என்று நாமே பெயர் வைக்கவும் கூடாது. பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, நிற்கவே முடியாமல் போவது, இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸ் 108தான், மறுநாள் பார்க்கலாம் என்பதே கிடையாது.

கோவைநிலா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நரம்பியல் டாக்டரைப் பார்த்தேன். வெஸ்டிபுலர் மைக்ரேன்தான் என்றார், தடுப்பு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டார், உண்டு என்றதும் புரோப்ரனலால் வேண்டாம் என்று வேறு எழுதினார். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டுத்தான் மருந்தை முடிவு செய்தார், முன்பு யாரும் இதைக் கேட்டதே இல்லை. அலுவலகத்தில் என் தலைக்கு மேலே உள்ள பேனலை மட்டும் கழற்றிவிட்டார்கள், பக்கத்து பேனல் வெளிச்சமே போதும். வீட்டில் சமைக்கும்போது கண்ணாடி போடுவதில்லை, கூடத்தில் இன்னும் முடியவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. அடுத்த வாரம் மதுரையில் கல்யாணம், அங்கிருந்து காலை பஸ்ஸில் திண்டுக்கல் போய் மாமா வீட்டுக்கும் போக வேண்டும். மர நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் அடிப்பதுதான் எனக்கு ரொம்பப் பயம். கல்யாணத்தில் வீடியோ லைட்டும் இருக்கும்.

வைகைக்கரை:

நல்ல செய்தி சகோதரி, ரொம்ப சந்தோஷம். மதுரையிலிருந்து திண்டுக்கல் வடக்கே போகும் ரோடு, காலை வெயில் வலப்பக்கம், அதாவது டிரைவர் இருக்கும் பக்கத்தில் அடிக்கும். இடப்பக்கம், படிக்கட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஜன்னல் ஓரம் வேண்டாம், நடைபாதை ஓரம், பஸ்ஸின் நடுப்பகுதியில், பார்வை தூரத்தில். மரநிழல் துடிக்க ஆரம்பித்தால் கண்ணை மூடினால் போதாது, மூடிய இமை வழியாகவும் துடிப்பு தெரியும், துப்பட்டாவை நாலாக மடித்துக் கண்மேல் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் அதே ரோட்டில் தெற்கே திரும்பி வரும்போது வெயில் மேற்கிலிருந்து வரும், அது மறுபடி டிரைவர் பக்கம்தான், அதனால் வரும்போதும் படிக்கட்டுப் பக்கமே.

கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில்தான் வீடியோ லைட் மேடையிலிருந்து கூட்டத்தின் பக்கம் திரும்பும். மேடைக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டு வரிசையில், தூணுக்கு அந்தப் பக்கம் இடம் பிடியுங்கள். முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுங்கள், ராஜி அம்மா சந்தோஷப்படுவார்.

ராஜி திருச்சி:

முகூர்த்தம் விடியற்காலை என்றால் கிளம்பும்போதே ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ. பந்தி எப்போது போடுவார்கள் என்று நம்பி இருக்காதே.